புதிதாக விமான நிறுவனம் தொடங்கப் போகிறவர்களுக்கு: டிக்கெட் பணத்தைத் தொடாதீர்கள்

உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கத் திட்டமிட்டிருப்பவர்களுக்கும், அதில் முதல் போட யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களைத் தடுப்பதற்காக எழுதியது போலத் தோன்றலாம், அப்படி இல்லை. ஒரு நாட்டின் உள்நாட்டுப் பயணத்தை இரண்டு மூன்று நிறுவனங்களே கையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று பயணம் போகிற எல்லோருக்கும் தெரியும். விடுமுறை வந்தால் கட்டணம் எகிறும், விமானம் ரத்தானால் மாற்று கிடைக்காது, சிறிய நகரங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2000 ஆகஸ்டில் விர்ஜின் புளூ என்ற புது நிறுவனம் இரண்டே விமானங்களுடன் பிரிஸ்பேனுக்கும் சிட்னிக்கும் இடையே பறக்கத் தொடங்கியபோது, ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே இருந்த பெரிய நிறுவனங்களும் கட்டணத்தைக் குறைக்க வேண்டிவந்தது. அப்படி ஒருவர் வந்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள்.

ஒரு விமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்த நிறுவனம் இப்போது இல்லை. அதன் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் அங்கே நான் பார்த்ததை வேறு பல நாடுகளில் வேறு பல பெயர்களிலும் பார்க்கலாம். அதை வைத்து உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிக்கெட் விற்று வரும் பணத்தை, அந்தப் பயணி ஏறிய விமானம் போய் இறங்கும்வரை தொடாதீர்கள். அந்தப் பணத்தில் கைவைக்காமல் முதல் ஒன்றரை வருடத்தை ஓட்ட முடியாது என்றால், அதற்கான முதலீடு சேரும்வரை காத்திருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் தவறு செய்ய இடமே இல்லை. உலகம் முழுவதும் உள்ள விமான நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எல்லாச் செலவும் போக ஒரு பயணிக்கு நிகர லாபம் 7 டாலர் அளவில்தான் நிற்கிறது என்கிறது அயாட்டா எனும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் சமீப ஆண்டுக் கணக்கு. அதுவும் நன்றாக வேரூன்றிய பெரிய நிறுவனங்களையும் சேர்த்த சராசரி. புதிதாக வருகிறவர் அந்த 7 டாலரையும் எதிர்பார்க்க முடியாது. எரிபொருள், விமான வாடகை, இன்ஜின் பராமரிப்பு என்று பெரிய செலவெல்லாம் டாலரில் போகும். வருமானம் உள்ளூர்ப் பணத்தில் வரும். உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு கொஞ்சம் சரிந்தாலே, ஒரு இருக்கைகூடக் காலியாகப் போகாத மாதத்திலும் நஷ்டம் காட்டலாம்.

செலவு முதல் டிக்கெட் விற்பதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். விமானத்தை இயக்குவதற்கான சான்றிதழ் கைக்கு வர வேண்டுமென்றால் பைலட்டுகள், பொறியாளர்கள், பாதுகாப்பு அதிகாரிகள் எல்லோரும் ஏற்கெனவே வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கக் கையேடுகள் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். பயணிகளே இல்லாமல் சோதனைப் பயணங்கள் போய்க் காட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே, வாடகைக்கு எடுத்த விமானம் பெயின்ட் அடித்துப் புதுப் பெயரோடு ஓரமாக நின்றுகொண்டிருக்கும். அதன் வாடகை மட்டும் நிற்காது. சான்றிதழ் மூன்று மாதம் தள்ளிப்போனால் மூன்று மாதச் சம்பளமும் வாடகையும் போயிற்று. திட்ட அறிக்கைகளில் இந்தத் தாமதத்துக்கு ஒதுக்கும் தொகை எப்போதும் குறைவாகவே இருக்கும். சீக்கிரம் தொடங்கிவிடுவோம் என்று முதலீட்டாளரிடம் சொல்ல எல்லோருக்கும் ஆசை.

அப்புறம் ஒருநாள் டிக்கெட் விற்பனை திறக்கும். ஆபத்து அன்றுதான் ஆரம்பிக்கிறது.

பயணி இன்று பணம் கட்டுகிறார், இரண்டு மாதம் கழித்துப் பறக்கிறார். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாதமும் அவருடைய பணம் உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வட்டி இல்லை, அடமானம் இல்லை, கேள்வி இல்லை. இப்படி லட்சக்கணக்கானவர்களிடமிருந்து வந்து சேரும்போது நிறுவனத்திடம் நிறையப் பணம் இருப்பது போலத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் அது கடன் பக்கத்தில்தான் இருக்கும். வங்கி அறிக்கையில் மட்டும் உங்கள் பணம் போலவே இருக்கும். முடிவெடுக்கிறவர்கள் எப்போதும் வங்கி அறிக்கையைத்தான் கேட்பார்கள்.

எங்கள் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. இடப்பக்கம் அன்று காலை வங்கி இருப்பு. வலப்பக்கம், அன்று யாருக்குப் பணம் போகாவிட்டால் விமானம் கிளம்பாதோ அவர்களின் பட்டியல். எரிபொருள் நிறுவனம் எப்போதும் முதல் வரி. அடுத்து விமான நிலையக் கட்டணம். அதற்கடுத்து விமான வாடகையில் ஒரு பகுதி. சம்பளம் கீழே எங்கேயோ இருக்கும், சில நாள் அழிக்கப்பட்டும் இருக்கும். பயணிகளுக்குத் திருப்பித் தர வேண்டிய ரீஃபண்ட் அந்தப் பலகையில் ஏறியதே இல்லை. காரணம் எளிது. ரீஃபண்ட் கொடுக்காவிட்டால் எந்த விமானமும் நிற்காது.

இடப்பக்க எண் மிகவும் இறங்கினால் ஒரு தள்ளுபடி விற்பனை அறிவிப்பு வரும். நான்கு மாதம் கழித்துப் பறக்க, பாதி விலையில் டிக்கெட். வெளியே அது விளம்பரம். உள்ளே இருந்த எங்களுக்கு அது என்னவென்று தெரியும்: அடுத்த வார எரிபொருளுக்கான கடன். நான்கு மாதம் கழித்து அந்தப் பயணிகள் வரும்போது அவர்கள் கொடுத்த பணம் எரிந்து புகையாகப் போயிருக்கும். அவர்களைப் பறக்கவைக்க இன்னொரு கூட்டத்திடம் டிக்கெட் விற்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே விற்பனையைத் திறந்துவிட்டவர்களில் கெட்டவர்கள் என்று யாருமில்லை. எல்லோரும் நிறுவனத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். அதனால்தான் இதை ஒருவரின் நேர்மைக்கு விட்டுவிட முடியாது என்கிறேன். முதல் நாளிலேயே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயத்தை முதலீட்டாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயணிகள் பெரும்பாலும் கார்டில் பணம் கட்டுகிறார்கள். விமானம் பறக்காமல் போனால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு, கார்டு பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனத்தின் தலையில் விழலாம். எனவே அது ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உங்கள் மீது நம்பிக்கை இருக்கும்வரை சின்னப் பகுதி. நம்பிக்கை குறைந்தால், பறந்து முடிந்த பிறகுதான் பணம் என்று சொல்லிவிடும். 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிரான்டியர் விமான நிறுவனம் திவால் பாதுகாப்பு (கடன்காரர்களைத் தற்காலிகமாகத் தள்ளிநிறுத்தும் சட்டப் பாதுகாப்பு) கேட்டு நீதிமன்றம் போனதற்கு உடனடிக் காரணம் இதுதான்: அதன் கார்டு வசூல் நிறுவனம் டிக்கெட் பணத்தில் பெரும் பகுதியை நிறுத்திவைக்கப் போவதாகச் சொன்னது. ஃபிரான்டியர் பிழைத்துக்கொண்டது. புதிய நிறுவனம் ஒன்று அந்த நிலைக்கு வந்தால், அந்தச் செய்தி கசிந்த அன்றே எரிபொருள்காரர் ரொக்கம் கேட்பார், விமான நிலையம் கூடுதல் டெபாசிட் கேட்கும், புது முன்பதிவும் வறண்டுவிடும். சில வாரங்களில் எல்லாம் முடியும். டிக்கெட் பணத்தை நம்பி ஓடும் நிறுவனத்தை, அது கெட்டுப்போகிறது என்ற வதந்தியே கெடுத்துவிடும்.

முடிகிற நாள் எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 30 அன்று காலை ஆஸ்திரேலியாவின் போன்ஸா நிறுவனப் பயணிகள் பலர் பெட்டியோடு விமான நிலையத்துக்கு வந்த பிறகுதான் விமானம் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். விமானங்களை வாடகைக்கு விட்டவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கனடாவின் லிங்க்ஸ் ஏர் 2022 ஏப்ரலில் தொடங்கி 2024 பிப்ரவரியில் நின்றது. பிரிட்டனில் மறுபிறவி எடுத்த ஃபிளைபி 2022 ஏப்ரலில் பறந்து 2023 ஜனவரியில் மூடியது. அதற்கும் வெகுமுன்பு, 1991 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு ஆஸ்திரேலியாவின் காம்பஸ் மூடியபோதும், பண்டிகைக்கு வீடு போக டிக்கெட் வாங்கியிருந்தவர்கள்தான் நடுவழியில் நின்றார்கள். இதெல்லாம் நடக்கும்போது கவுன்டரில் நிற்பது உங்கள் நிறுவனத்தின் மிகக் குறைந்த சம்பளக்காரர்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கியோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கத்தும் ஒருவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்ற ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவர் கடைசியில் தன் சொந்தப் பணத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பேருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பொறுப்பில் இருந்தவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

சரி, இப்போது சந்தைக்கு வருவோம். பெரிய நிறுவனங்கள் உங்களை எப்படி எதிர்கொள்ளும் என்பதை நீங்கள் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் எல்லாத் தடத்திலும் கட்டணத்தைக் குறைக்க மாட்டார்கள். நீங்கள் பறக்கும் தடத்தில் மட்டும், அதிலும் உங்கள் நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னும் கிளம்பும் விமானங்களில் மட்டும் குறைப்பார்கள். 1998-ல் ஜப்பானில் ஸ்கைமார்க் ஹனேடாவிலிருந்து ஃபுகுவோகாவுக்கு ஏறக்குறையப் பாதிக் கட்டணத்தில் பறக்க ஆரம்பித்தபோது அங்கிருந்த பெரிய நிறுவனங்கள் செய்தது இதைத்தான். அவர்களுக்கு அது பல தடங்களில் ஒன்று. உங்களுக்கு அதுவே முழு வருமானம். நெரிசலான நிலையங்களில் காலை ஏழு மணிக்குக் கிளம்ப ஸ்லாட், அதாவது விமானம் கிளம்பவும் இறங்கவும் ஒதுக்கப்படும் நேரம், கிடைக்காது. ஒரு சீசனில் ஒதுக்கிய ஸ்லாட்டில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் அடுத்த முறையும் அவர்களுக்கே என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. உங்களுக்கு மதியம் இரண்டரை மணிதான் மிஞ்சும். வேலை விஷயமாகப் போகிறவர்கள் அந்த நேரத்தில் பறக்க மாட்டார்கள். நல்ல விலை கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

எனவே யாரும் பறக்காத தடத்துக்குப் போகலாம் என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இங்கே கொஞ்சம் நிதானமாக இரண்டு நிறுவனங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரேசிலின் அசுல் 2008 டிசம்பரில் சாவ் பாலோ நகரத்துக்குள் நெரிசலான நிலையத்தை விட்டுவிட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த காம்பினாஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தது. நகரத்திலிருந்து இலவசப் பேருந்து விட்டது. முக்கியமான விஷயம், 110 பேர் அளவில் உட்காரும் எம்ப்ராயர் விமானங்களை எடுத்தது. 180 பேர் இல்லாத தடத்தில் 180 இருக்கையைக் கொண்டுபோகவில்லை. ஒரே நாளில் பல முறை பறக்க முடிந்தது. போன்ஸாவும் யாரும் பறக்காத தடங்களைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் 186 இருக்கை கொண்ட போயிங் 737 மேக்ஸ் விமானத்தோடு போனது. அவ்வளவு பெரிய விமானத்தைச் சிறிய ஊருக்குத் தினமும் நிரப்ப முடியாது. எனவே பல தடங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறைதான் பறந்தது. ஒரு பயணம் ரத்தானால் அடுத்தது பல நாள் கழித்து. அவசரமாகப் போக வேண்டியவர் அந்த நிறுவனத்தை நம்பி எப்படி டிக்கெட் எடுப்பார்? ஆக, தடத்தில் போட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே தினமும் இரண்டு முறை நிரம்பக்கூடிய அளவுள்ள விமானம் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அசுலும் 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக்குப் போக வேண்டிவந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் 16 வருடத்துக்கு மேல் ஓடி, நாட்டின் மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது.

விமானங்களின் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. ஐந்து விமானம் வைத்திருப்பவருக்கு ஒன்று தரையில் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு அட்டவணை போயிற்று. இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றபோது தன் விமானங்களில் ஏறக்குறையப் பாதி, சரியான இன்ஜின் கிடைக்காமல் முடங்கிக் கிடப்பதாகச் சொன்னது. இன்ஜின் தயாரிப்பாளர் பழியை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. அது பல வருடம் பறந்த பெரிய நிறுவனம். நீங்கள் முதல் நாளிலிருந்தே ஒரு விமானத்தை மாற்றாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், அது சும்மா நிற்பதைப் பார்க்க எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும். பைலட்டுகளும் அப்படித்தான். 2023-ல் இந்தியாவின் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 40-க்கும் மேற்பட்ட பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலே விலகிப் போக, அது பல பயணங்களை ரத்து செய்து, நீதிமன்றத்துக்கும் போக வேண்டியதாயிற்று.

சீசனையும் பாருங்கள். நார்வேயின் ஃபிளைர் 2021 ஜூன் கடைசியில், கோடை விடுமுறைக்குச் சரியாகத் தொடங்கியது. இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்ட முடியாமல், விமானங்கள் பலவற்றை ஓரம்கட்டியும் பணம் திரட்ட முடியாமல், 2023 ஜனவரி 31 அன்று நின்றது. புதிய நிறுவனத்தை இரண்டாவது மந்தப் பருவம்தான் சோதிக்கும். முதல் பருவத்தில் முதலீட்டாளருக்கு உற்சாகம் மிச்சம் இருக்கும், புது நிறுவனம் என்று ஊடகங்களும் பேசும். இரண்டாவதில் இரண்டும் இருக்காது. நான் ஒன்றரை வருடம் என்று சொன்னது இதனால்தான்.

டிக்கெட் பணத்தைத் தனியே வைத்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 180 இருக்கை கொண்ட ஐந்து விமானங்கள், ஒவ்வொன்றும் தினம் ஆறு முறை பறக்கிறது. அப்படியானால் நாளுக்கு 5,400 இருக்கை. நான்கில் மூன்று பங்கு நிரம்பினால் 4,050 டிக்கெட். பயணிகள் சராசரியாக 30 நாள் முன்னால் வாங்குகிறார்கள், டிக்கெட் 60 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் பறக்காமல் நிலுவையில் இருக்கும் டிக்கெட் பணம் 73 லட்சம் டாலர். இப்போது மறுபக்கம் பாருங்கள். அதே அளவு புது விமானம் ஒன்றுக்கு மாத வாடகை 4 லட்சம் டாலர் அளவில் இருக்கும்போது, ஐந்துக்கும் மூன்று மாத டெபாசிட் 60 லட்சம் டாலர். இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. விமானத்துக்குச் சொந்தக்காரர் கேட்டால் மறுபேச்சில்லாமல் டெபாசிட் கட்டுகிறீர்கள். அவரிடம் வழக்கறிஞர் இருக்கிறார், விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. பயணியிடம் ஒரு குறுஞ்செய்தி மட்டும்தான் இருக்கிறது. நிறுவனம் மூடினால் கடன்காரர்கள் வரிசையில் அவர் கடைசிக்குப் பக்கத்தில் நிற்பார்.

பெரிய நிறுவனங்கள் இப்படிச் செய்வதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் என்பதும் நியாயமான கேள்விதான். அவர்களுக்குப் பல வருடப் பெயர் இருக்கிறது. உங்களுக்கு இல்லை. புது நிறுவனத்தில் நான்கு மாதம் முன்னால் டிக்கெட் எடுக்கப் பயணி தயங்குவது, அதுவரை நீங்கள் இருப்பீர்களா என்று தெரியாததால்தான். அவர் பணம் பத்திரமாக இருக்கிறது என்று காட்ட முடிந்தால் அந்தத் தயக்கம் போய்விடும். கார்டு வசூல் நிறுவனத்துக்கும் பணத்தைப் பிடித்துவைக்கக் காரணம் குறையும். இது கேள்விப்படாத ஏற்பாடும் அல்ல. அமெரிக்காவில் பொது சார்ட்டர் பயணங்களை, அதாவது விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து இருக்கைகளைப் பொதுமக்களுக்கு விற்கும் பயணங்களை, விற்பவர்களுக்கு, பயணம் முடியும்வரை பயணிகள் பணத்தைப் பிணையோடும் தனிக் கணக்கிலும் பாதுகாக்கும் விதிகள் வெகுகாலமாக இருக்கின்றன. வழக்கமான அட்டவணையில் பறக்கும் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்களாகவே ஏற்றுக்கொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை.

முதலீட்டாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், டிக்கெட் பணத்தைக் கழித்துவிட்டு மாதவாரியான பண இருப்பைக் காட்டும்படி கேளுங்கள். அந்த வரி எந்த மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். அது பதினெட்டாவது மாதத்துக்கு முன்னால் வந்தால், கூடுதலாகப் போடுங்கள் அல்லது விமானங்களைக் குறைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். தடுமாறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாம் தவணையை வாய்வார்த்தையாக வைக்காதீர்கள். தடுமாறும்போது யாரும் போட மாட்டார்கள்.

தொடங்குகிறவர்களே, விற்பனையைத் திறக்கும் நாளன்று உங்கள் இணையதளத்தில் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பத்தி போடுங்கள். பயணிகள் பணம் எந்த வங்கியில், யாருடைய பொறுப்பில், எந்த நிபந்தனையில் இருக்கிறது, எப்போது உங்கள் கணக்குக்கு வரும் என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை தணிக்கையாளர் கையெழுத்திட்ட இருப்பையும் வெளியிடுங்கள். இதைச் செய்கிற நிறுவனம் எதுவாக இருந்தாலும், என் குடும்பம் முழுவதற்கும் முதல் வாரத்திலேயே டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
விமான நிறுவனக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒருவன்